ஒரே கம்ப்யூட்டருக்கு 84, 64, 57... எந்தச் சூடு நிஜம்?

"தம்பி, ஒரே மெஷின், ஒரே நேரம். ஒரு சாஃப்ட்வேரு 84 டிகிரின்னு காட்டுது, இன்னொண்ணு 64-ங்குது, அதுக்குள்ளயே கீழ 57-னும் ஒரு நம்பர் இருக்குது. இதுல எதைத்தான் நம்புறது?"

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இப்படிக் கேட்டவர் அபிஷேகப்பாக்கத்து வாசகி ஒருவர். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்தில் திரும்பினால் வரும் ஊர் அது. அங்கே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று வருஷம் பூராவும் ஆள் வருவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சென்டாக் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளின் கூட்டம். அந்த ஒன்றிரண்டு மாத வருமானத்தில்தான் மீதி மாதங்களின் கடை வாடகையே ஓடும் என்றார்.

அந்த சீஸனில் பார்த்து கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்திருக்கிறது. சர்வீஸுக்கு வந்தவர் பென் டிரைவிலிருந்து ஒரு டூலைத் திறந்து காட்டியிருக்கிறார். 84 டிகிரி. "அக்கா, பிராசஸர் எரியுது. போர்டோட சேர்த்து மாத்திடலாம். 14,500 ஆகும்." மகளிர் குழுவில் கடன் கேட்டு வைத்தாயிற்று. அந்த நேரத்தில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்து, புதிதாக வேறொரு டூலை இறக்கிப் பார்த்தால் 64. அதிலேயே கொஞ்சம் கீழே 'சிபியு' என்ற பெயரில் 57. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

சர்வீஸ்காரர் ஏமாற்றுகிறார் என்று பலரும் சட்டென்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இல்லை. அவர் பார்த்த 84-ம் அந்த கம்ப்யூட்டர் உண்மையிலேயே சொன்ன எண்தான். அது வெப்பநிலை இல்லை என்பதுதான் விஷயம்.

என்னது, டிகிரியில் இருக்கிறது, ஆனால் வெப்பநிலை இல்லையா? ஆமாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எத்தனை தெர்மாமீட்டர்?

காய்ச்சல் வந்தால் அக்குளில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒரு எண் காட்டும், நாக்குக்கு அடியில் வைத்தால் இன்னொன்று காட்டும். ஆள் ஒருவர்தான், காய்ச்சலும் ஒன்றுதான். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் ஒரு வெயில், மீனம்பாக்கத்தில் ஒரு வெயில் என்று நியூஸில் தினமும் இரண்டு எண் சொல்கிறார்கள். நாமும் சண்டை போடாமல் கேட்டுக்கொள்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். 'சிபியு சூடு' என்ற ஒற்றை எண் எங்கேயும் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் இருக்கின்றன. எந்த டூல் எந்த சென்சாரைப் படிக்கிறது, படித்ததை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

முதல் வகை, பிராசஸருக்கு உள்ளேயே இருப்பது. நகம் அளவுள்ள அந்த சிலிக்கான் துண்டின் மேலேயே, கணக்குப் போடும் கோர்களுக்குப் பக்கத்தில் குட்டி குட்டி சென்சார்களைப் பதித்திருப்பார்கள். சூடு பிறக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இவை ரொம்ப வேகம். ஒரு வெப்சைட்டைத் திறந்தால் போதும், கண் சிமிட்டுவதற்குள் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கிவிடும்.

இரண்டாவது வகை, மதர்போர்டில் இருப்பது. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு அருகில் ஒரு சென்சார் இருக்கும். அதைப் படிப்பதற்கென்று போர்டில் தனியாக ஒரு சிப் உண்டு; நுவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் செய்பவை. சூடு சிலிக்கானிலிருந்து கிளம்பி, பேக்கேஜைத் தாண்டி அங்கே வந்து சேர நேரமாகும். வழியில் குறைந்தும் போகும். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தொடுவதற்கும், அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். வாசகியின் 57 இந்த வகை.

ஆக, 64-க்கும் 57-க்கும் நடுவே இருந்த ஏழு டிகிரிக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. ஆனால், 84?

சரியாக 20 டிகிரி

84-லிருந்து 64-ஐக் கழித்தால் 20. வாசகியிடம், "ரெண்டு டூலையும் ஒவ்வொண்ணா திறந்து, ஒரு அரை மணி நேரத்துல நாலஞ்சு தடவ எழுதி அனுப்புங்கக்கா" என்றேன். 79, 59. 81, 61. 86, 66. ஏறினாலும் இறங்கினாலும் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அதே 20. இயற்கையான சூடு இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. யாரோ உட்கார்ந்து கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கூட்டியது பிராசஸரைச் செய்த நிறுவனமேதான். அவர் கடையில் இருப்பது பாண்டியில் ஒரு கேமிங் பையனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பி.சி. உள்ளே ஏ.எம்.டியின் ரைசன் 5 1600எக்ஸ். 2017-ல் வந்த மாடல். அந்த வருஷம் மார்ச் மாதமே ஏ.எம்.டி ஒரு விளக்கம் கொடுத்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய மாடல்கள் வெளியே சொல்லும் எண், உண்மையான சூட்டைவிட 20 டிகிரி அதிகமாக இருக்கும். அது தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்று. அடுத்த மாதம் வந்த 1600எக்ஸுக்கும் அதே 20 தான். பிறகு வந்த 2700எக்ஸுக்கு 10. பெரிய மெஷின்களுக்கான த்ரெட்ரிப்பர் 1950எக்ஸுக்கு 27.

எதற்கு இந்த வேலை? ஃபேனுக்காக. மதர்போர்டு ஃபேனை எப்போது வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை பிராசஸர் சொல்லும் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரே சாக்கெட்டில் சாதுவான மாடலும் உட்காரும், இந்த 'எக்ஸ்' மாடல்களும் உட்காரும். ஒவ்வொரு மாடலுக்கும் ஃபேன் கணக்கை மாற்றி எழுதச் சொல்வதற்குப் பதில், இந்த மாடல்களே 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லிவிட்டால் ஃபேன் சீக்கிரமே வேகம் எடுத்துவிடும். பத்து மணி பஸ்ஸுக்கு வீட்டில் ஒன்பதரை என்று சொல்லிக் கிளப்புவோமே, அதே தந்திரம்.

இப்படிக் கூட்டிய எண்ணுக்கு 'டி-சிடிஎல்' என்று பெயர். கன்ட்ரோலுக்கான எண் என்று பொருள். சிலிக்கானின் நிஜச் சூட்டுக்கு 'டி-டை' என்று பெயர். லினக்ஸில் ஏ.எம்.டி சூட்டைப் படிக்கும் டிரைவரின் குறிப்பிலேயே, இந்த டி-சிடிஎல் நிஜமான வெப்பநிலை அல்ல, குளிரூட்டலைக் கட்டுப்படுத்துவதற்கான ஓர் அளவுகோல் மட்டும்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட டூல்கள் 20-ஐக் கழித்துவிட்டோ, அல்லது இரண்டையும் தனித்தனி வரியிலோ காட்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பு வந்த வெர்ஷன்கள் கிடைத்ததை அப்படியே காட்டிவிடும். சர்வீஸ்காரரின் பென் டிரைவில் இருந்தது அப்படியொரு பழைய வெர்ஷன். எத்தனை கடைகளில், எத்தனை பென் டிரைவ்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதோ!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த பிராசஸருக்கு ஏ.எம்.டி சொல்லும் உச்ச வரம்பு 95 டிகிரி. 84 என்பது நிஜமாகவே இருந்திருந்தாலும் வரம்புக்குக் கீழேதான். அதோடு, சூடு அதிகமானதும் பிராசஸர் சட்டென்று செத்துவிடாது. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெஷின் மந்தமாகும், ஃபேன் கத்தும். அப்படியும் அடங்காமல் ஏறினால்தான் கடைசியாக அணையும். மந்தமே ஆகாமல், ஃபேன் சத்தமும் மாறாமல், டக்கென்று அணைந்தால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

அப்போ ஏன் அணைஞ்சுது?

ஹெச்.டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச டூலில் ஒரு வசதி உண்டு. சென்சார் எண்களை இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதை எக்ஸெலில் திறந்து பார்க்கலாம். கடை திறந்ததும் அதை ஓடவிடச் சொன்னேன். அன்று மதியம் ஒருமுறை அணைந்தது. ஃபைலின் கடைசி வரிகளில் டி-டை 61, 60, 61. அவ்வளவுதான், அதோடு ஃபைல் முடிகிறது. சூட்டால் அணைந்திருந்தால் கடைசி நிமிடத்தில் எண் மளமளவென்று ஏறியிருக்க வேண்டும்.

"அணையறப்போ என்ன செஞ்சிட்டிருந்தீங்க அக்கா?"

"பிரின்ட் குடுத்தேன்."

"முன்னாடி அணைஞ்சப்போ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அட, அப்பவும் பிரின்ட்டுதான் தம்பி."

லேசர் பிரின்டர். அது கம்ப்யூட்டரோடு ஒரே யூபிஎஸ்ஸில் சொருகியிருந்தது. லேசர் பிரின்டருக்குள் மையைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுவதற்கு ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடாகும் சில விநாடிகளுக்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி கரன்ட்டை இழுக்கும். பல நூறு வாட்ஸ். கடைகளில் சாதாரணமாக வைத்திருக்கும் 600 வி.ஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட்ஸ் அளவுக்குத்தான். மதியம் ஊரில் வோல்டேஜ் இறங்கும்போது யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். அந்த நேரம் பார்த்து பிரின்டர் இழுத்தால், யூபிஎஸ் கைவிரித்துவிடும். லேசர் பிரின்டரை இதில் சொருகாதீர்கள் என்று யூபிஎஸ் கூட வரும் தாளிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்?

பிரின்டரைத் தனியாகச் சுவர் பிளக்குக்கு மாற்றிவிட்டார். அதன் பிறகு அணையவில்லை. 14,500 ரூபாய் கடன் வாங்கவில்லை. பிராசஸரின் மேல் காய்ந்து கிடந்த பேஸ்ட்டை மாற்றி, ஃபேனில் அப்பியிருந்த தூசியைத் தட்டியதில் சூடும் ஆறேழு டிகிரி இறங்கியிருக்கிறது. அதைச் செய்துகொடுத்ததும் அதே சர்வீஸ்காரர்தான். புது வெர்ஷன் டூலை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டும் போனாராம். சந்தோஷம்.

இன்டெல் வீட்டில் வேறு கணக்கு

'எங்க லேப்டாப்புல இன்டெல்தான் இருக்கு' என்பவர்களுக்கு 20 டிகிரி பிரச்னை கிடையாது. அங்கே வேறு ஒரு வேடிக்கை.

இன்டெல் சிப்பின் உள்ளே இருக்கும் சென்சார் 'இப்போ 60 டிகிரி' என்று சொல்லாது. 'உச்ச வரம்புக்கு இன்னும் 40 டிகிரி இருக்கு' என்றுதான் சொல்லும். கிணற்றில் வாளிக் கயிற்றை இறக்கிப் பார்க்கிறோம். மேட்டிலிருந்து இருபது அடியில் தண்ணீர் தட்டுகிறது. கிணற்றில் எவ்வளவு ஆழம் தண்ணீர் இருக்கிறது? மொத்தக் கிணறு எத்தனை அடி என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். முப்பது அடிக் கிணறு என்றால் பத்தடித் தண்ணீர். நாற்பது அடி என்றால் இருபதடி. கயிறு சொன்னது ஒன்றுதான், பதில் மட்டும் மாறிவிடுகிறது.

அந்த 'மொத்த ஆழம்'தான் டி-ஜே மேக்ஸ் என்கிற உச்ச வரம்பு. 2006-ல் வந்த கோர் 2 பிராசஸர்கள் காலத்தில், டெஸ்க்டாப் சிப்களுக்கு அந்த எண் என்ன என்பதை சிப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. டூல் எழுதியவர்கள் ஊகித்தார்கள். ஒருவர் 95 என்று வைத்துக்கொண்டார், இன்னொருவர் 105 என்று வைத்துக்கொண்டார். விளைவு, ஒரே சிப்புக்கு கோர் டெம்ப் ஒன்று சொல்லும், ரியல் டெம்ப் ஒன்று சொல்லும். எது சரி என்று இணையத்தில் அடிதடியே நடந்தது. 2008-ல் இன்டெல் தானே அந்த எண்களை வெளியிட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. அந்த வருஷக் கடைசியில் வந்த முதல் கோர் ஐ7-லிருந்து டி-ஜே மேக்ஸ் சிப்புக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டது. டூல்கள் அதைப் படித்துக்கொள்ளலாம். இன்றைய இன்டெல் மெஷினில் இரண்டு டூல்கள் ஒரே கோருக்குப் பத்து டிகிரி வித்தியாசம் காட்டினால், அது பெரும்பாலும் வேறு வேறு நேரத்தில் படித்ததாக இருக்கும். அல்லது ஒன்று சராசரியையும் இன்னொன்று இருப்பதிலேயே சூடான கோரையும் காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கயிற்றுக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த சென்சாரின் முக்கியமான வேலை ஆபத்து நேரத்தில் எச்சரிப்பது. அதனால் உச்ச வரம்புக்குப் பக்கத்தில் துல்லியமாக இருக்கும்படிதான் அதைச் சரிபார்த்து வைப்பார்கள். சும்மா இருக்கும்போது காட்டும் குறைந்த எண்களில் அவ்வளவு துல்லியம் கிடையாது. பழைய சிப்கள் சிலவற்றில் ஒரு அளவுக்குக் கீழே எண் இறங்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டும் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி ஒன்று உண்டு. கத்திரி வெயில். சிமென்ட் ஷீட் போட்ட கடை. உள்ளே 37 டிகிரி. உங்கள் டூல் பிராசஸர் 30 டிகிரி என்று காட்டுகிறது. முடியவே முடியாது! ஃபேன் அடிப்பது அந்த அறைக் காற்றைத்தான். அறையைவிடக் குளிர்ச்சியாக அதனால் எதையும் ஆக்க முடியாது. அறைச் சூட்டுக்குக் கீழே ஒரு எண் வந்தால் சென்சார் உளறுகிறது, அல்லது டூல் தப்பான வரியைப் படிக்கிறது. இதே காரணத்தால்தான், டிசம்பரில் 50 காட்டிய மெஷின் மே மாதத்தில் 62 காட்டினால் பதற வேண்டியதில்லை. காற்றே பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியிருக்கிறதே!

தெர்மாமீட்டர் உளறுவது கம்ப்யூட்டரில் மட்டும் நடக்கும் கூத்தும் இல்லை. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே அலறியது ஞாபகம் இருக்கலாம். பிறகு வானிலை ஆய்வுத் துறை போய்ச் சோதித்துப் பார்த்ததில், அங்கிருந்த தானியங்கிக் கருவி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

127 டிகிரியா?!

சில டூல்களைத் திறந்ததும் ஏதோ ஒரு வரியில் 127 டிகிரி என்று சிவப்பாகக் கண்ணை உருட்டும். பயப்பட வேண்டாம். மதர்போர்டு சிப்பில் ஏழெட்டு சென்சாரை இணைக்க இடம் இருக்கும். போர்டு செய்தவர் அதில் மூன்று நான்கை மட்டும் இணைத்திருப்பார். மீதி அந்தரத்தில் தொங்கும். டூலுக்கு அது தெரியாது. அந்தரத்தில் இருப்பதையும் படித்து 127 என்றோ, மைனஸ் கணக்கிலோ எதையாவது எழுதி வைக்கும். எந்த வேலை கொடுத்தாலும் அசையாமல் நிற்கும் எண் நிஜ சென்சார் இல்லை.

விண்டோஸ் மட்டும் சொல்லும் 'தெர்மல் ஜோன்' எண்ணை அப்படியே எடுத்துக் காட்டும் குட்டி டூல்களும் இந்த ரகம்தான். சில லேப்டாப்களில் காலையிலிருந்து ராத்திரி வரை 27.8 டிகிரி. பாண்டி வெயிலில், மடியில் வைத்தால் தொடை சுடும் லேப்டாப் 27.8! அந்த எண்ணை விண்டோஸ் கெல்வின் கணக்கில், பத்தில் ஒரு பங்காக வைத்திருக்கும். 3010 என்றால் 301 கெல்வின், அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் நம்ம 27.8. லேப்டாப் செய்தவர் நிஜ சென்சாரை அந்த இடத்தோடு இணைக்காமல், நிரந்தரமாக ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தால் இப்படி ஆகும்.

சரி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாமே என்றால், அதில் கிராபிக்ஸ் கார்டின் சூட்டுக்கு ஒரு இடம் இருக்கிறது, பிராசஸருக்கு இல்லை. பயாஸில் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பிராசஸர் ஓய்வு எடுக்காது. விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை இல்லாத கோர்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடுகள் முழுதாக நடக்கும். ஆகவே 'ஒண்ணுமே ஓடாத' பயாஸில், விண்டோஸில் சும்மா இருப்பதைவிட அதிகமான சூடு காட்டுவது சகஜம். ரீஸ்டார்ட் பண்ணி பயாஸைக் காட்டி, "பார்த்தீங்களா, ஒண்ணும் ஓடாமலேயே 60" என்று யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2019 கதை. அந்த வருஷம் ஜூலையில் ஏ.எம்.டி ரைசன் 3000 பிராசஸர்கள் வந்தபோது, சும்மா இருக்கும்போதே சூடும் வோல்டேஜும் அதிகமாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். ஏ.எம்.டி விசாரித்துச் சொன்ன பதில்: நீங்கள் பார்ப்பதுதான் ஒரு காரணம்! சில டூல்கள் 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை, தூங்கும் ஒவ்வொரு கோரையும் 20 மில்லி விநாடி எழுப்பி 'என்ன சூடு, என்ன வேகம்' என்று கேட்டிருக்கின்றன. எழுப்பப்பட்ட கோர், ஏதோ பெரிய வேலை வந்திருக்கிறது என்று நினைத்து முழு வேகத்தில் எழுந்து நிற்கும். சூடாகும். தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பார்க்கும் பாட்டி வேலை.

இதனால்தான் இரண்டு மூன்று டூல்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெஷினை எழுப்பிக்கொண்டே இருப்பது ஒரு பக்கம். மதர்போர்டு சிப்பிடம் ஒரே நேரத்தில் இருவர் கேள்வி கேட்டால், ஒருவர் கேட்டதற்கான பதில் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரவும் வாய்ப்பு உண்டு. நல்ல டூல்கள் 'நீ முதல்ல, நான் அப்புறம்' என்று முறை வைத்துக்கொள்ளும். எல்லா டூலும் நல்ல டூல் இல்லை.

என் கட்சி இதுதான்: ஏதாவது ஒரு டூல், அதன் புது வெர்ஷன், அதையே எப்போதும். ரைசன் என்றால் 'டை' என்று வரும் வரி. இன்டெல் என்றால் 'பேக்கேஜ்' என்று வரும் வரி. சும்மா இருக்கும்போது வரும் எண்ணைவிட, வீடியோ கால் மாதிரி கனமான வேலை பத்து நிமிஷம் ஓடிய பிறகு வரும் எண்ணைத்தான் பார்ப்பேன். அன்று அறை எவ்வளவு சூடு என்பதையும் பக்கத்தில் குறித்து வைப்பேன். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு, அதே அறைச் சூட்டில் பத்து டிகிரி கூடியிருந்தால் தூசி, பேஸ்ட், ஃபேன் என்று பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மெஷினோடு ஒப்பிடுவது வேண்டாத வேலை. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையில் பெரிய மாடல்கள் முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டே ஓடும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஏ.எம்.டியே சொல்லிவிட்டது. அவர்களுக்கு 95 சாதாரணம். நம்ம அபிஷேகப்பாக்கம் அக்கா மெஷினில் 95 வந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

போனில் பார்க்கும் சூடு

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேரிடம் கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் என்பது தெரியும். போனுக்கும் 'சிபியு டெம்பரேச்சர்' காட்டும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் எல்லா ஆப்களுக்கும் தடையின்றிக் கிடைக்கும் சூடு பேட்டரியின் சூடு மட்டும்தான். சிப்புக்குள் இருக்கும் சென்சார்களைப் பல புது போன்களில் வெளி ஆப்கள் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் சில ஆப்கள் பேட்டரியின் 38.5 டிகிரியை எடுத்து 'சிபியு' என்ற பெயரில் காட்டிவிடுகின்றன. ஒரு ஆப்பில் 38, இன்னொன்றில் 61 என்று வந்தால் முதலாவது பேட்டரி, இரண்டாவது எப்படியோ கிடைத்த சிப் சென்சார் என்று ஊகிக்கலாம்.

கூகுளும் ஆப்பிளும் எண்ணையே தவிர்க்கப் பார்க்கின்றன. ஆண்ட்ராய்டு 10-லிருந்து, சூடு லேசானதா, மிதமானதா, கடுமையானதா, அணைக்கும் அளவுக்கா என்று படிநிலையாக ஆப்களுக்குச் சொல்ல வழி வந்துவிட்டது. ஐபோன், ஆப்களுக்கு நான்கே நிலைகளில் சொல்லும், டிகிரி சொல்லாது. இது நல்ல யோசனை என்றே தோன்றுகிறது. 61-ஐ வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

ஆப்பிள், ஐபோனை 0-லிருந்து 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாதப் பாண்டியில் மதியம் வெளியே வந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம். வெயிலில் பைக் ஹோல்டரில் மாட்டி, மேப்பும் சார்ஜரும் போட்டால் போன் மங்குவதும் சார்ஜ் ஏறாமல் நிற்பதும் கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கவரைக் கழற்றுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், நிழலில் வையுங்கள். 'ஒரே டச்சில் போனைக் குளிர்விக்கும்' ஆப்களை நீக்கிவிடலாம். போனில் அவை சுற்றுவதற்கு ஒரு ஃபேன்கூடக் கிடையாது; பின்னால் ஓடும் ஆப்களை மூடுவதும், பனிக்கட்டிப் படம் காட்டுவதும், நடுவில் விளம்பரம் போடுவதும்தான் அவற்றின் வேலை. ஃபிரிட்ஜில் வைப்பது அதைவிட மோசம். வெளியே எடுத்ததும் ஐஸ் வாட்டர் பாட்டில் மாதிரி வியர்க்கும், அந்த ஈரம் போனுக்கு உள்ளேயும் படியும்.

அடுத்த வாரம்: யூபிஎஸ் மேலே 600 வி.ஏ என்று எழுதியிருக்கிறதே, அது ஏன் 600 வாட்ஸ் இல்லை? உங்கள் வீட்டு யூபிஎஸ்ஸில் எதையெல்லாம் சொருகியிருக்கிறீர்கள் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவையுங்கள்.